கிப்லா பார்க்க ஒரு கயிறும் கத்திரி வெயிலும் போதும்

முஸ்லிம்கள் தொழும்போது நோக்குகிற திசை, அதாவது மக்காவில் கஅபா என்ற இறையில்லம் இருக்கும் பக்கம்தான் கிப்லா. நம்ம பக்கம் அது எது என்று கேட்டால் மேற்கு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கணக்குப் போட்டால் சென்னைக்கு அது நேர் மேற்கிலிருந்து சுமார் 18 டிகிரி வடக்கே தள்ளி வருகிறது, காயல்பட்டினத்துக்கு 23 டிகிரிக்கும் மேல்.

போன் ஆப்பை நான் குத்துமதிப்புக்கு மட்டும்தான் நம்புவேன். ஆப் போடுகிற கணக்கு சரிதான், கோளாறெல்லாம் போனுக்குள் இருக்கும் காந்தமானியில். கான்கிரீட் கம்பி, இரும்பு பீரோ, ஸ்பீக்கர், காந்தம் வைத்த போன் கவர், எது பக்கத்தில் இருந்தாலும் முள் இழுபட்டுவிடும். ஹாலில் ஒரு திசையும் படுக்கையறையில் வேறொரு திசையும் காட்டுவது அதனால்தான்.

இதைவிடச் சுத்தமான வழி சூரியன். மக்கா கடகரேகைக்குக் கொஞ்சம் தெற்கே இருப்பதால் வருடத்துக்கு இரண்டு முறை சூரியன் கஅபாவின் நேர் உச்சிக்கு வரும்: மே 27, 28 தேதிகளில் இந்திய நேரம் பிற்பகல் 2:48, ஜூலை 15, 16-இல் 2:57. அந்த நேரத்தில் சூரியன் நிற்கிற பக்கம்தான் கிப்லா. கம்பு நட்டால் சாய்ந்துவிடும், அதனால் கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டை மொட்டைமாடியில் தொங்கவிடுங்கள். கயிற்றின் நிழல் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, குண்டை நோக்கி ஒரு அம்புக்குறி, முடிந்தது. ஐந்து நிமிடம் முன்பின் ஆனாலும் பெரிய வித்தியாசம் வராது. மே மாதம் என்றால் கத்திரி வெயில், செருப்பில்லாமல் மாடி ஏறாதீர்கள். ஜூலையில் மேகம் காலை வாரிவிடலாம்.

அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் கூகுள் எர்த்தில் வீட்டுக் கூரையிலிருந்து கஅபா வரை அளவுகோலை இழுத்துவிட்டு, திரும்ப வீட்டுக்கு வந்து கோடு எந்தச் சுவரை எப்படி வெட்டுகிறது என்று பார்க்கலாம். சுவரில் மாட்டுகிற உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுவிடாதீர்கள். பூமி உருண்டை, சென்னைக்கு அதிலேயே ஆறு டிகிரி போய்விடும்.

இவ்வளவு துல்லியம் தேவையா? அது மத்ஹபை, அதாவது நாம் பின்பற்றும் மார்க்கச் சட்டப் பிரிவைப் பொறுத்தது. ஹனஃபி மத்ஹபில் தூரத்தில் இருப்பவருக்குத் திசை போதும், 45 டிகிரி வரை விலகினாலும் தொழுகை செல்லும். ஷாஃபியில் கஅபாவையே நேராக நோக்க வேண்டும் என்பதுதான் வலுவான கருத்து, நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிகள்தான் அதிகம். அதற்காகப் பள்ளிவாசலில் போனைத் தூக்கிக்கொண்டு ஸஃப்பை (தொழுகை வரிசையை) திருப்பக் கிளம்பிவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் மே மாதம் தொழவைக்கிற ஹஜ்ரத்தையும் மாடிக்குக் கூட்டிப்போங்கள், குடையோடு.