வடக்குப் பக்கத்துச் சாயங்கால வெயில்

"அக்கா, வடக்குப் பக்க ரூம்ல காலைல எட்டு மணிக்கு வெயில்னு காட்டுது. நாம சைட்டுக்குப் போனப்ப சாயங்காலம்தானே அங்க மூஞ்சில அடிச்சுது?"

நாங்கள் வடிவமைத்த ஒரு கட்டடத்தில் எப்போது எங்கே வெயில் படும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டிருந்தோம். அதைப் பார்த்து என் ஜூனியர் பெண் கேட்டது இவ்வளவுதான். "எரர் எதுவும் இல்லல்ல? அப்ப விடும்மா, ரிப்போர்ட்டை அனுப்பிடு" என்றேன். மூன்று வருடம் ஆகப்போகிறது. இன்னும் அந்த இரண்டு வரியையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதற்கு முந்தைய இரண்டு நாளும் அந்த ஃபைலோடு மல்லுக்கட்டியிருந்தேன். ஏழு மாடி, வடக்குப் பக்கத்தில் மாடிக்கு 12 ஜன்னல், ஜன்னலுக்கு ஒரு ஃபின், அதாவது வெயிலை மறிக்கும் பட்டை. மொத்தம் 84 வர வேண்டும். எண்ணைக் காட்டுகிற பேனல் பெட்டியில் 588 என்று நின்றது. 84ஐ ஏழால் பெருக்கினால் 588; கட்டங்களைக் கோடுகளால் இணைத்து மாடல் கட்டுகிற கிராஸ்ஹாப்பர் மென்பொருளில் புழங்குகிறவர்களுக்கு அதிலேயே விஷயம் புரிந்துவிடும். எனக்கு அது உறைக்கவே ஒரு பகல் போனது. ஜன்னல்கள் மாடிவாரியாக ஏழு கிளைகளில் இருந்தன. ஃபின் பக்கம் எங்கோ, கிளைகளைக் கலைத்துவிடுகிற ஃபிளாட்டன் போட்டதில் 84ம் ஒரே பட்டியலாகி, ஒவ்வொரு மாடிக்கும் முழுப் பட்டியலும் போய் ஒட்டிக்கொண்டது. வெப்பத்தையும் வெளிச்சத்தையும் கணக்கிடுகிற ஹனிபீ பகுதி, எரர் என்று சிவந்து கிடந்தது. ஒரு ஸ்லைடரைத் தொட்டால் கம்ப்யூட்டர் ஐந்து நிமிடம் உறைந்துவிடும். கோடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, வழியெங்கும் பேனல் வைத்துப் பார்த்து, கடைசியில் ஒரு இன்புட்டின் ஓரத்தில் ஃபிளாட்டனைக் காட்டுகிற, கீழ்நோக்கிய அந்தச் சின்ன அம்புக்குறியைக் கண்டுபிடித்தேன். எடுத்தேன். அங்கிருந்து அடுத்துப் போகிற கோடு, கிளைகள் இருப்பதைக் காட்டும் விட்டு விட்டு வருகிற கோடாக மாறியது. 84 வந்தது. சிவப்பு போனது.

அந்த நிம்மதியில் நாற்காலியில் சாய்ந்தபோதுதான் அவள் கேட்டாள்.

தவறு ஒரே ஒரு எண்ணில் இருந்தது. சாலைக்கு இணையாக இருக்கட்டும் என்று பிளானைத் திருப்பி நேராக்கி வரைந்திருந்தோம். எல்லா ஆபீஸிலும் செய்வதுதான். அதனால் உண்மையான வடக்கு, தாளின் மேல்பக்கத்திலிருந்து வலப்புறமாக 25 டிகிரி சாய்ந்திருந்தது. காம்பஸ் கணக்கில் வலப்புறம் போனால் கூட்டல். வெயிலைக் கணக்கிடுகிற லேடிபக்கில் வடக்கை எண்ணாகக் கொடுத்தால் அது இடப்புறமாக எண்ணும். -25 கொடுத்திருக்க வேண்டிய இடத்தில் 25 கொடுத்தேன். வடமேற்காகச் சாய்ந்து நின்ற முகப்பு, மாடலில் வடகிழக்காகச் சாய்ந்து நின்றது.

இது ஏன் கண்ணில் படவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. சூரியன் காலையில் ஏறுகிற பாதையும் மாலையில் இறங்குகிற பாதையும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். வருடத்தின் 8760 மணி நேரத்தையும் கூட்டி, எத்தனை மணி நேரம் நேர் வெயில் படுகிறது என்று வண்ணப் படமாகப் பார்த்தால் இரண்டு திசைக்கும் கிட்டத்தட்ட அதே நிறம்தான் வரும். மணிவாரியாகப் பிரித்துப் போட்டால்தான் வித்தியாசம் தெரியும். அவள் பிரித்துப் போட்டுப் பார்த்திருந்தாள். நான் வண்ணப் படத்தோடு நின்றுவிட்டேன்.

சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயிலே தலைக்கு வடக்கே இருக்கும். அதனால்தான் வடக்குப் பக்கத்துக்கு ஃபின் வேண்டும் என்று நானே வாதாடி வாங்கியிருந்தேன். மே மாதம், மாலை நாலரை மணிக்கு, மாதிரிக்காக மாட்டிய ஆறு ஃபின்களின் முன் நின்றோம். காலை வெயிலை மறிப்பதற்காகத் திரும்பியிருந்த பட்டைகள், சாயங்கால வெயிலுக்கு இணையாக நின்றன. நடுவில் புகுந்த வெளிச்சம் தரையில் ஆறு நீளக் கோடுகளாக, உள்சுவர் வரை போய்க் கிடந்தது. யாரும் பேசவில்லை. ஃபின்களைத் தாங்குகிற முதல் லாட் பிராக்கெட்டுகளுக்கு அதற்குள் துளை போட்டாகிவிட்டது. அவை வீண்.

அடுத்த நாள் மீட்டிங்கில், "நார்த் ஆங்கிள்ல ஒரு சின்ன குழப்பம் ஆயிடுச்சு, சரி பண்ணிட்டோம்" என்றேன். யாரால் ஆன குழப்பம் என்று சொல்லவில்லை. ஒருத்தி முன்பே கேட்டிருந்தாள் என்றும் சொல்லவில்லை. அவள் அதற்கு இரண்டு மாதம் முன்பே வேலையை விட்டுப் போயிருந்தாள். அறையில் இருந்த சிலர், போன ஜூனியர் செய்த வேலை என்று நினைத்திருக்கலாம். நான் அப்படி நினைக்க விட்டேனா என்றால், பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனால் விட்டேன்.

அவள் கேட்டபோது ராத்திரி எட்டு மணி, காலையில் ரிப்போர்ட் போயாக வேண்டும், அவளும் ஒரே ஒரு முறைதான் மெதுவாகக் கேட்டாள். இன்னொரு முறை அழுத்திக் கேட்டிருந்தால் திறந்து பார்த்திருப்பேன் என்று சில நாள் எனக்கே சொல்லிக்கொள்வேன். அது உண்மையா என்று தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதமான பெண் அதற்கு மேல் எப்படி அழுத்துவாள்? என் பதிலிலேயே 'விடு' இருந்ததே.

இப்போதெல்லாம் சிமுலேஷன் ஓட்டுவதற்கு முன்பு, சைட்டில் எடுத்த போட்டோவின் நிழலையும் அதே நேரத்துக்கு மாடலில் விழுகிற நிழலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டு நிமிட வேலை. இது போதும் என்றுதான் நம்பியிருந்தேன். போன மாதம் வேறொரு பையன், சுவரின் யூ மதிப்பு (அதன் வழியே எவ்வளவு வெப்பம் கடக்கும் என்ற அளவு) குறைவாகத் தெரிகிறதே என்று வந்து நின்றபோது, "ஓடுதுல்ல?" என்றுதான் முதலில் என் வாயில் வந்தது. அப்புறம் திறந்து பார்த்தோம். மதிப்பு சரியாகத்தான் இருந்தது. அதில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

அந்தப் பழைய ஃபைலில் -25 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பேனல் வைத்திருக்கிறேன். 'சாயங்காலம் வெயில் எந்தப் பக்கம்?' என்று எழுதியிருக்கிறது. கேட்டது யார் என்று அதில் இன்னும் எழுதவில்லை.