வெள்ளச் சேதக் கணக்கெடுப்பில் என் முதல் ஆறு மாதம்

சிவில் படிக்கும்போது கட்டுவது எப்படி என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். உடைந்து கிடப்பதை எப்படி அளப்பது என்பது பாடத்தில் இல்லை. வேலையில் சேர்ந்து சில வருடங்கள் கழித்து, ஒரு பெருவெள்ளம் வடிந்த கையோடு, பொதுச் சொத்துகளின் சேதத்தைக் கணக்கெடுத்து மறுசீரமைப்பு நிதிக்குக் கோப்பு தயாரிக்கும் குழுவில் என்னைப் போட்டார்கள். சாலை, பாலம், நீரேற்று நிலையம், பள்ளிக் கட்டடம் எல்லாம் எங்கள் பட்டியலில் இருந்தன. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதல் வாரம் பணத்தைப் பற்றிய பேச்சே கிடையாது. எந்தக் கட்டடத்துக்குள் ஆட்களை விடலாம், எதை மூட வேண்டும் என்று மட்டும் பார்த்தோம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று அட்டைகள். இந்த முறை நிலநடுக்கத்துக்காக வந்தது. அமெரிக்காவின் அப்ளைடு டெக்னாலஜி கவுன்சில் 1989-இல் அதை வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியாவில் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் வந்தபோது உடனே பயன்படுத்தினார்கள். அந்த வண்ணங்களைத்தான் நாங்களும் எடுத்துக்கொண்டோம். ஒரு பள்ளியில் சிவப்பு அட்டையை ஒட்டியதும் தலைமையாசிரியை, "இடிச்சிருவீங்களா சார்?" என்று கேட்டார். குரல் நடுங்கியது. சிவப்பு என்றால் இப்போதைக்கு உள்ளே போகக்கூடாது என்று மட்டும்தான் பொருள். இடிப்பதா, பழுது பார்ப்பதா என்பது பிறகு விரிவாக ஆய்வு செய்து எடுக்கும் முடிவு. அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு அட்டையின் கீழும் அதன் பொருளைக் கையால் எழுதிவிட்டுத்தான் கிளம்புவேன்.

அப்புறம் கோப்பு வேலை தொடங்கியது. உண்மையான சிரமம் அங்கேதான். நான் அனுப்பிய முதல் கோப்பில் "சாலை பலத்த சேதம், உடனடியாகச் சீரமைக்க வேண்டும்" என்று எழுதியிருந்தேன். நாலே கேள்விகளோடு அது திரும்பி வந்தது. எங்கிருந்து எங்கே வரை? நீளம், அகலம், ஆழம் எவ்வளவு? எதனால் உடைந்தது? வெள்ளத்துக்கு முன் எப்படி இருந்தது?

முதல் இரண்டுக்கும் டேப்பும் ஜிபிஎஸ்ஸும் போதும். மூன்றாவதற்கு இடத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். நான்காவது கேள்விதான் அடுத்த ஐந்து மாதங்களும் என்னைத் துரத்தியது.

அந்தச் சாலையில் இரண்டு விதச் சேதம் இருந்தது. தண்ணீர் சாலையைத் தாண்டி வழிந்த இடத்தில், அது இறங்கிய பக்கத்தில் சாலையின் தோள் (தாரை ஒட்டிய ஓரப் பகுதி) முழுவதும் அரித்துப் போய், தார் விளிம்பு அந்தரத்தில் நின்றது. அது வெள்ளம் செய்த வேலை. சற்றுத் தள்ளி, சாலையின் நடுவில், முதலைத் தோல் போல விரிசல். அடிப்பரப்பு பலவீனமாகி, வண்டிகள் ஓடி ஓடி வரும் விரிசல் அது. விளிம்புகள் தேய்ந்து, இடையில் புல் முளைத்திருந்தது. ஒரு வாரத்தில் புல் முளைத்து வேர் விடுமா? ஊர்க்காரர்கள், "ரெண்டையும் சேத்து எழுதிடுங்க சார், இப்ப விட்டா எப்பவும் போடமாட்டாங்க" என்றார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் பேரிடர் நிதி பேரிடர் உடைத்ததற்கு மட்டும்தான். இரண்டையும் கலந்து எழுதினால் தணிக்கையில் மொத்தக் கோப்பும் சந்தேகத்துக்குள்ளாகும். உண்மையான சேதத்துக்கு வர வேண்டிய பணமும் நின்றுவிடும். பிரித்து எழுதினேன். பழைய விரிசலைத் தனிக் குறிப்பாக எழுதி, வழக்கமான பராமரிப்புப் பட்டியலுக்கு அனுப்பினேன்.

இந்த விதி சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அது எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி விழுவதில்லை. பராமரிப்புப் பதிவேடு ஒழுங்காக இருக்கும் ஊர், "முன்பு நன்றாக இருந்தது" என்று ஒரே தாளில் காட்டிவிடும். பதிவேடே இல்லாத ஊரில் சேதம் இரட்டிப்பாக இருந்தாலும் காட்ட வழியில்லை. அப்படிப்பட்ட ஊர்களுக்காக அலைவதுதான் எங்கள் வேலையில் பாதி. முடித்த வேலையின் அளவுகளைப் பதிந்த பழைய அளவுப் புத்தகங்கள், பணம் பட்டுவாடா செய்த பில்கள், தேதியுள்ள செயற்கைக்கோள் படங்கள் என்று எதையும் விடவில்லை. ஒரு சிறுபாலத்துக்கு எங்கும் ஆதாரம் கிடைக்காமல், கடைசியில் ஒரு பள்ளி மாணவர்களின் குழுப்படத்தில் கிடைத்தது. பிள்ளைகளுக்குப் பின்னால் அதன் கைப்பிடிச்சுவர் முழுதாக நின்றது.

எனக்கு அதிகம் கற்றுக் கொடுத்தது ஒரு பாலம். தூண்கள் நேராக இருந்தன. மேல்தளத்தில் விரிசல் இல்லை. ஆற்றுப்படுகை மட்டமாக, சுத்தமான மணலோடு இருந்தது. 'சிறு சேதம்' என்று எழுதப் போனேன். கூட வந்த சாலைப் பணியாளர், ஓய்வுபெறும் வயதில் இருந்தவர், "தம்பி, இந்த மணல் புதுசு. தண்ணி வேகமா போறப்ப தோண்டும், வடியறப்ப அதுவே கொண்டாந்து மூடிடும். குத்திப் பாருங்க" என்றார். இரும்புக் கம்பியைத் தூண் ஓரத்தில் ஊன்றினோம். தயிரில் கரண்டி இறங்குவது போல இறங்கியது. பத்தடி தள்ளிக் குத்தினால் ஒரு சாணுக்குக் கீழே போகவில்லை.

அவர் சொன்னதைப் புத்தகத்திலும் படித்திருக்கிறேன். சைட்டில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். தூணைச் சுற்றிச் சுழலும் நீர் அடித்தளத்துக்குக் கீழே மண்ணைப் பறிக்கும். வேகம் குறையும்போது குழி தளர்ந்த மணலால் நிரம்பிவிடும். பார்ப்பதற்குப் பழைய படுகை மாதிரியே இருக்கும், ஆனால் எடை தாங்காது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோஹாரி கிரீக் பாலம் 1987 ஏப்ரல் 5 அன்று வெள்ளத்தில் விழுந்து 10 பேர் இறந்ததற்கும் தூணின் அடியில் ஏற்பட்ட இந்த அரிப்புதான் காரணம். அன்று மாலையே எங்கள் பாலத்தில் கனரக வாகனங்களை நிறுத்தச் சொல்லி எழுதினேன். ஆனால் கோப்பில் மறுபடி அதே நாலாவது கேள்வி: முன்பு படுகை எந்த மட்டத்தில் இருந்தது? கட்டியபோது வரைந்த வரைபடம் ஒன்று, ஓரங்கள் செல்லரித்து, ஒரு பீரோவின் அடியில் கிடைத்தது. அதில் படுகை மட்டமும் அடித்தள ஆழமும் இருந்தன. அந்த ஒரு தாள் இல்லாமல் போயிருந்தால் கோப்பு நின்றிருக்காது.

நீரேற்று நிலையத்தில் வேறு பாடம். மூழ்கிய மோட்டாரும் மின் பேனலும் சேதம். அவை ஓடாத நாட்களில் லாரியில் தண்ணீர் கொடுத்த செலவு இழப்பு. இரண்டும் வேறு வேறு கணக்கு. ஒரே பத்தியில் எழுதித் திருப்பி வாங்கினேன்.

கடைசியாக முடிந்தது அந்தக் குழுப்படத்துச் சிறுபாலம்தான். அதில் இரண்டே குழாய்கள். ஆகாயத்தாமரையும் மரக்கிளைகளும் அடைத்து, தண்ணீர் மேலேறி, மண்கரையோடு எல்லாவற்றையும் அடித்துப் போயிருந்தது. இருந்தபடியே கட்டித் தருவதாகத்தான் முதல் எஸ்டிமேட். அதில் கையெழுத்திட எனக்கு மனம் வரவில்லை. 2015-இல் ஜப்பானின் செண்டாய் நகரில் நாடுகள் ஏற்றுக்கொண்ட பேரிடர் அபாயக் குறைப்புச் சட்டகமே, மீண்டும் கட்டும்போது முன்பைவிடச் சிறப்பாகக் கட்டச் சொல்கிறது. அதை எடுத்துச் சொன்னால் மட்டும் பணம் வராது. நீர்ப்பிடிப்புப் பரப்பு எவ்வளவு, உச்ச நீரோட்டம் எவ்வளவு, பழைய குழாய்களால் அதில் எவ்வளவு கடத்த முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். வெள்ளம் எட்டிய உயரத்தை மரங்களில் படிந்த சேற்றுக்கோட்டிலிருந்து எடுத்தோம். இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை, அகலமான பெட்டி வடிவச் சிறுபாலத்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

இப்போது வெள்ளமில்லாத மாதங்களிலும் சைட்டுக்குப் போகிறேன். ஒவ்வொரு பாலத்திலும் தூண் ஓரத்தில் படுகை மட்டத்தை அளந்து, அளவுகோலை வைத்து, நாலு பக்கமும் படம் எடுத்து, தேதி போட்டு வைக்கிறோம். அந்தச் சாலைப் பணியாளர் ஓய்வுபெற்றுவிட்டார். அவர் ஊன்றிய கம்பி எங்கள் வண்டியில்தான் இருக்கிறது. அரை மீட்டருக்கு ஒன்றாக அதில் சிவப்புப் பெயின்டில் கோடு போட்டிருக்கிறேன்.