கூலி எழுதாத பில்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் உள்ள 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியதும் கார் நின்றுவிட்டதென்று பழைய வாடிக்கையாளர் ஒருவர் அழைத்தார். "பேட்டரி நல்லாத்தானுங்கண்ணா இருக்குது, செல்ஃபு முன்னைக்காட்டியும் வேகமாவே சுத்துது" என்றார். அந்த வேகம்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. வால்வுகள் ஒழுங்காக மூடும் எஞ்சினில் உள்ளே அழுந்தும் காற்று, அதாவது கம்ப்ரஷன், எதிர்த்து நிற்பதால் செல்ஃப் மோட்டார் சற்றுத் திணறித்தான் சுழலும். தடையே இல்லாமல் சர்ரென்று சுழன்றால் வால்வுகளைத் தக்க நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இனிச் சாவியைத் தொட வேண்டாம் என்று சொல்லி, வண்டியைப் பட்டறைக்குத் தூக்கி வரச் செய்தேன்.

கவரைக் கழற்றினால் பெல்ட் அறுந்திருக்கவில்லை. ஒரு சாண் நீளத்துக்குப் பற்கள் மட்டும் வழித்தெடுத்தாற்போல் உதிர்ந்திருந்தன. பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் வால்வுகளைத் திறக்கும் கேம் சரியாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்தக் கணக்கு தப்பியதால், மேலேறிய பிஸ்டன்கள் திறந்து நின்ற வால்வுகளை இடித்து, தம் தலையிலும் பிறை வடிவத்தில் பளபளக்கும் தழும்புகளை வாங்கியிருந்தன. எட்டு வால்வுகளில் மூன்று பார்த்தவுடனே வளைந்து தெரிந்தன; ஹெட்டில் வால்வுகளுக்குப் பின்னாலுள்ள வழிகளான போர்ட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்ததில், நேராகத் தெரிந்த ஐந்தில் இரண்டும் கசிந்தன. எட்டையும் மாற்றிவிடத் தீர்மானித்தேன். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்திருந்தால் அந்தப் பிஸ்டன் உச்சியில் தாழ்ந்து நிற்கும் என்பதால், ஒவ்வொன்றையும் மேலே கொண்டுவந்து டயல் கேஜ் வைத்து அளந்தேன். நல்லவேளை, நான்கும் ஒரே உயரத்தில் நின்றன.

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைக் கையால் சுற்றியபோது மணல் அரைபடுவதுபோல் நறநறத்தது. பழைய பில்லை எடுத்துப் பார்த்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் பெல்ட் மாற்றியது நான்தான். செலவைக் குறைக்கச் சொன்னார் என்று டென்ஷனரை அப்படியே விட்டதும் நான்தான்.

இம்முறை பெல்ட்டோடு டென்ஷனரையும் வாட்டர் பம்பையும் சேர்த்தே மாற்றி, கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, கிராங்கும் கேமும் ஒத்திருப்பதைக் காட்டும் மார்க்குகள் பொருந்திய பிறகே சாவியைத் திருப்பினேன். செல்ஃப் திணறியது, எஞ்சின் பிடித்துக்கொண்டது.

பில்லில் உதிரிபாகங்களின் விலை மட்டும் இருந்ததைக் கண்டு, கூலி எங்கே என்று கேட்டார். பழைய டென்ஷனரை அவர் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அதை இரண்டு முறை சுற்றி, அந்த நறநறப்பைக் கேட்டுவிட்டு, "அன்னைக்கு வேண்டாம்னு சொன்னது நானுந்தானுங்களேண்ணா" என்றார்.