ஒத்திகைக்கு பில் எங்கே? நாடகக் குழுவுக்கு மானியம் வாங்கிய அனுபவம்

ஒருவழியாக மானியம் வந்துவிட்டது. ஆனால் பட்ஜெட் படிவத்தால் பட்ட எரிச்சல் இன்னும் தீரவில்லை.

விண்ணப்பம், குழு அறிமுகம், பழைய நாடகங்களின் வீடியோ எல்லாம் சிக்கலில்லாமல் போயின. ‘ஒத்திகைச் சம்பளம்’ என்ற வரியைத்தான் அதிகாரி சிவப்பு மையில் அடித்தார். “மேடை ஏறினா சம்பளம், சரி. ஒத்திகைக்கு எதுக்குங்க?” விளக்கு வாடகை, துணி, மரச்சட்டம் பக்கம் அவர் கண்கூடப் போகவில்லை, அவற்றுக்கு பில் வரும். ஆட்களின் நேரத்துக்கு பில் கிடையாது. நாடகத்தில் பெருஞ்செலவே அதுதான்!

திருத்திய படிவத்தோடு ஒரு பக்க விளக்கமும் வைத்தேன். 1966-லேயே வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் சொன்னதுதான். இயந்திரம் வந்தால் தொழிற்சாலையில் உற்பத்தி கூடும், கூலியும் ஏறும். நால்வர் வாசிக்கும் இசைக்கு இன்றும் நால்வர் வேண்டும். வேகமாக வாசித்து மிச்சம் பிடிக்க முடியாது. ஆனால் விலைவாசி அவர்களுக்கும் ஒன்றுதான். டிக்கெட்டை அதே வேகத்தில் ஏற்றினால் அரங்கு காலி. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் மானியம்.

படித்தாரோ இல்லையோ, ‘வருகைப் பதிவேடு இருந்தால் பரிசீலிக்கலாம்’ என்று குறிப்பு வந்தது. தேதி, வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. அந்த வரி பிழைத்தது.

அடுத்த இடி, இணை நிதி. செலவில் பாதியை நாங்களே காட்ட வேண்டுமாம். (1965-ல் தொடங்கிய அமெரிக்க தேசியக் கலை நிதியமும் பொதுவாக இப்படித்தான் கேட்கிறது.) ரொக்கம் மட்டும்தான் என்று கவுன்ட்டரில் அடித்துச் சொன்னார்கள். விதிமுறைப் பின்னிணைப்பிலோ ‘பொருளாகவும் சேவையாகவும்’ என்று இருந்தது. விரல் வைத்துக் காட்டிய பிறகே வாயடங்கியது. ஓசியில் கிடைத்த ஒத்திகை அறைக்கு வழக்கமான வாடகை எவ்வளவு என்று உரிமையாளரிடம் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். அந்தத் தொகை உங்கள் பங்கில் சேரும்.

எங்களுக்கு வந்த மானிய ஆணையில், அதன் தேதிக்கு முந்தைய பில் எதுவும் செல்லாது. ஆணை கைக்கு வராமல் துணி எடுக்காதீர்கள். கடைசித் தவணையும் பயன்பாட்டுச் சான்றிதழுக்கு (பணத்தைச் சொன்ன வேலைக்கே செலவழித்தோம் என்று காட்டும் சான்று) பிறகுதான். அதுவரை நடிகர்களுக்குக் கொடுக்க கைமாற்றுக்கு ஆள் பார்த்து வையுங்கள். அந்தக் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டரின் கட்டணத்துக்குப் படிவத்தில் இடமே இல்லை. ‘இதர செலவு’ வரியில் போட்டேன், யாரும் கேட்கவில்லை.