தப்பாக எழுதப்பட்ட ஒரு சொல்

2016 நவம்பரில் குடும்ப விசாவில் பெர்லின் வந்து சேர்ந்தேன். திருச்சியில் ஒன்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். அறுபது பிள்ளைகளுக்கு முன்னால் தொண்டை கம்மாமல் பேசிப் பழகியவள், இங்கே ரொட்டிக்கடை வரிசையில் நின்று, சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தை மனசுக்குள் நாலு தடவை ஓட்டிப் பார்ப்பேன். ஜெர்மனில் காபி ஆண்பால், பால் பெண்பால், ரொட்டி இரண்டும் இல்லை. என் முறை வரும்போது பால் மாறிவிடும். அதற்குப் பயந்தே விரலால் சுட்டிக்காட்டி வாங்கிக்கொண்டு வந்த நாட்கள் அநேகம்.

அரசாங்கத்தின் ஒருங்கிணைப்பு வகுப்பில் சேர்ந்தேன். மொழிக்கு 600 பாடவேளை, நாட்டு வரலாறு, சட்டம், சமூகம் பற்றி இன்னும் 100. வகுப்பு நல்ல வகுப்புதான். ஆனால் வாயைத் திறந்தால் முதலில் தப்பு, அப்புறம்தான் பேச்சு. நான் சொன்ன விஷயத்துக்குப் பதில் வருவதற்குள் நான் விட்ட உருபுக்குத் திருத்தம் வந்துவிடும். மூன்றாவது மாதம் வகுப்பில் பேசுவதையே விட்டுவிட்டேன். வீட்டுப்பாடம் மட்டும் அச்சுப்பிசகாமல் இருக்கும்.

அந்தக் குளிர்காலத்தின் கடைசியில் என் பழைய சைக்கிளின் செயின் அறுந்தது. குராய்ட்ஸ்பெர்க் பகுதியில் லாவ்சிட்சர் தெருவில் 'ரேகன்போகன்ஃபாப்ரிக்' என்று ஓர் இடம் உண்டு. 'வானவில் ஆலை' என்று பொருள். கைவிடப்பட்ட ரசாயன ஆலையாக இருந்ததை 1981இல் இளைஞர்கள் புகுந்து கைப்பற்றித் தங்கள் இடமாக்கிக்கொண்டார்கள். அங்கே இருக்கும் பட்டறையில் நம் சைக்கிளை நாமே பழுதுபார்க்கலாம். கருவிகள் அவர்களுடையவை, சந்தேகம் கேட்டால் சொல்லித்தருவார்கள். கையெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தபோது முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன தியேட்டர் இருப்பதைப் பார்த்தேன். வீட்டுக்குப் போய் என்ன செய்யப்போகிறோம் என்று உள்ளே போய் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு ஓடியவை 1980களில் மேற்கு பெர்லினில் எடுத்த சூப்பர் 8 துண்டுப் படங்கள். கையடக்கக் கேமராவில் போடும் ஒரு சுருள் மூன்று நிமிஷத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும், அவ்வளவுதான். காசில்லாதவர்கள் ஒரு சுருளில் முடிகிற படமாக யோசித்தார்கள். ஒருத்தி மொட்டைமாடியில் நின்று ஏதோ கத்துகிறாள். ஒரு சுவர். மறுபடியும் சுவர். கதை என்று எதுவும் இல்லை. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. வகுப்பில் தேதிகளாகப் படித்த பெர்லின் சுவர், இங்கே யாரோ ஒருவருடைய கொல்லைப்புறத்து மதிலாக நின்றது.

டிக்கெட் கிழித்த பெரியவரிடம், இதையெல்லாம் எடுத்தவர்கள் யார் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டேன். அவர் ஒரு தாளில் இரண்டு வார்த்தை எழுதிக்கொடுத்தார்: 'கெனியாலெ டிலெட்டான்டன்'. மேதைகளான கற்றுக்குட்டிகள். வீட்டில் அகராதியைப் புரட்டினேன், இரண்டாவது சொல் அகப்படவில்லை. மறுநாள் ஆசிரியையிடம் காட்டியதும் சிவப்பு மையால் சுழித்துவிட்டார். ஒரு 'எல்', இரண்டு 'டி' வர வேண்டிய இடத்தில் இரண்டு 'எல்', ஒரு 'டி' இருக்கிறதாம்.

அடுத்த வாரம் சைக்கிள் நன்றாக ஓடினாலும் போனேன், அந்தப் பிழையைச் சொல்வதற்காகவே. பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. பிழைதான், ஆனால் அவருடையது இல்லை. 1981 செப்டம்பர் 4ஆம் தேதி டெம்போட்ரோம் கூடாரத்தில் இந்தக் கூட்டத்தார் ஒரு விழா நடத்தினார்கள். அதன் பெயரிலேயே சொல் இப்படித்தான் தப்பாக இருந்தது. யாரும் திருத்தவில்லை. இன்றுவரை அந்த இயக்கத்தின் பெயர் அந்த எழுத்துப்பிழையோடுதான் புத்தகங்களில் ஏறியிருக்கிறது. அந்த இரவு வீடு திரும்பும்போது பனி பெய்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஏனென்று வீட்டுக்காரருக்குப் புரியவைக்க ரொம்ப நேரம் பிடித்தது.

அதன் பிறகு நானாகவே தேட ஆரம்பித்தேன். அவர்களில் பெயர் பெற்ற இசைக்குழு ஐன்ஸ்டூர்ட்சென்டெ நாய்பவுட்டன். 'இடிந்து விழும் புதுக்கட்டடங்கள்' என்று பொருள். 1980 ஏப்ரல் 1இல் முதல் கச்சேரி. மே 21இல் நகரத்தின் புகழ்பெற்ற மாநாட்டு மண்டபத்தின் கூரை நிஜமாகவே இடிந்து விழுந்து ஒருவர் இறந்துபோனார். பெயர் முந்திவிட்டது. டிரம்ஸ் செட்டை விற்றுவிட்டு, தகரமும் இரும்புக் கழிவும் பொறுக்கி வந்து அடித்தார்கள். துளைபோடும் இயந்திரமும் ஒரு வாத்தியம். முதல் பாட்டைக் கேட்ட பலர் காதைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அது திருச்சிப் பக்கத்துத் துவாக்குடி. அப்பா பெல் தொழிற்சாலைக்குத் துணைப்பாகங்கள் செய்யும் ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் இருந்தவர். பள்ளி விட்டதும் அவருக்குக் காபி கொண்டுபோவேன். தகடு மேல் சுத்தியல், கிரைண்டர் சீறல், நடுவில் யாரோ விசில் அடித்துப் பாடும் ராஜா பாட்டு. பெர்லினில் நான் கேட்ட முதல் ஊர்ச் சத்தம் இந்த இரும்புதான். நாதஸ்வரம் கேட்டிருந்தால்கூட அவ்வளவு கிட்டத்தில் வந்திருக்காது.

ஆனாலும் என் மனசுக்கு இன்னும் நெருக்கம் 'டீ டூட்லிஷெ டோரிஸ்' என்ற குழுதான். 'கொல்லும் டோரிஸ்', உயிரைக் கொல்லும் மருந்தளவு என்ற சொல்லில் ஓர் எழுத்தை மாற்றிவைத்த பெயர். 1983இல் அவர்கள் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். பேசும் பொம்மைகளின் வயிற்றுக்குள் இருக்குமே குட்டி இசைத்தட்டு, அதேபோல் எட்டு. கூடவே பாட்டரியில் ஓடும் குட்டிக் கருவி ஒன்று. அதற்கடுத்த வேலை இன்னும் அழகு. 1984இல் ஒரு தட்டு, 1986இல் ஒரு தட்டு. தனித்தனியாகக் கேட்டால் என்னவோ குறைகிற மாதிரி இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் ஒன்றின் வெற்றிடத்தில் மற்றது போய் உட்காரும், யார் கையிலும் இல்லாத மூன்றாவது தட்டு ஒன்று கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியில் ஒன்றும் போனில் ஒன்றுமாக வைத்து, வீட்டுக்காரரும் நானும் "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி ஒன்றாக அழுத்தினோம். முதல் மூன்று தடவை தப்பிப்போனது. நாலாவது தடவை கூடியது. ஒரு மொழியில் யோசித்து இன்னொரு மொழியில் பேசுகிறவர்களுக்கு அந்த மூன்றாவது தட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

வகுப்பில் வாயைத் திறக்க ஆரம்பித்தேன். தப்போடுதான்.

பக்கத்து நாற்காலியில் ஒரு துருக்கி அம்மாள். 1978இல் கணவரோடு வந்தவர், முப்பது வருஷம் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தவர். ஓய்வு கிடைத்த பிறகுதான் எழுத்து கற்க வந்திருந்தார். துருக்கியில் அக்காவுக்கு 'அப்லா' என்பார்கள், அப்படியே கூப்பிட்டேன். நான் தேடித் திரிவதைச் சொன்னதும், "வா, காட்டுகிறேன்" என்று என்னை ஊ-பான் என்னும் மெட்ரோ ரயிலில் ஏற்றிக்கொண்டு போய் ப்யூலோஸ்ட்ராஸெ நிலையத்தில் இறங்கினார். தினமும் நான் கடந்துபோகும் நிலையம்தான். சுவர் அந்தப் பாதையை அறுத்தபின் ஆளில்லாமல் ஓடிய ரயிலை 1972இல் நிறுத்திவிட்டார்கள். 1980இல் அந்த வெற்று நிலையம் துருக்கிச் சந்தையாக மாறியது. தண்டவாளத்துக்கு மேலே கடைகள், பாட்டு, ஆட்டம். சுவர் விழுந்தபிறகு, 1993இல் மறுபடி ரயில் வந்தது. "இந்தத் தூண் பக்கம்தான் கேசட் வாங்குவேன்" என்று அப்லா தூணைத் தொட்டுக் காட்டினார். நாலு பேர் எங்களை விலக்கிக்கொண்டு ரயிலேறப் போனார்கள்.

1961 அக்டோபர் 30இல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஆள் எடுக்கும் ஒப்பந்தம் போட்டது. வந்தவர்களை 'விருந்தாளித் தொழிலாளர்கள்' என்றார்கள். கொலோன் நகரில் ட்யூர்க்யூயோலா என்ற நிறுவனம் அவர்களுக்காகவே பாட்டுகள் வெளியிட்டது. மளிகைக்கடைகளில் காய்கறிக்குப் பக்கத்தில் வைத்து ஏராளமாக விற்றவை அவை. ஆனால் ஜெர்மன் பாட்டுப் பட்டியல்கள் எதிலும் ஏறவில்லை. நிலத்தடிக் கலை, அதாவது 'அண்டர்கிரவுண்ட்', என்றால் ஒளிந்திருப்பது என்று நினைத்திருந்தேன். பட்டப்பகலில் நடுத்தெருவில் இருந்தும் யாரும் திரும்பிப் பார்க்காததும் நிலத்தடிதான் என்று அப்லா வழியாகத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த நிறுவனத்துக்குப் பாடிய மெட்டின் ட்யூர்க்யோஸ் என்பவர் ஃபோர்டு கார் ஆலையில் வேலை பார்த்தவர். 'குட்டன் மோர்கன் மாயிஸ்டெரோ' என்று ஒரு பாட்டு. குட்டன் மோர்கன் என்றால் காலை வணக்கம். ஜெர்மனில் ஃபோர்மேனுக்கு 'மைஸ்டர்'. அந்தச் சொல்லைத் துருக்கி நாக்குக்கு ஏற்றபடி நீட்டிவிட்டார். தப்பான உச்சரிப்பு, நல்ல பாட்டு. என் அப்பாவும் துவாக்குடியில் 'போர்மேன்' என்றுதான் சொல்வார். ஜெம் காயா என்ற இயக்குநர் இந்தப் பாடகர்களைப் பற்றி 2022இல் ஒரு ஆவணப்படம் எடுத்தார், 'காதல், மார்க், மரணம்' என்று பெயர். மார்க் என்பது அன்றைய ஜெர்மன் பணம். அப்லாவோடு உட்கார்ந்து பார்த்தேன். பாதிப் படத்தை அவர் தியேட்டரிலேயே சத்தமாகப் பாடினார். யாரும் 'உஷ்' என்று சொல்லவில்லை.

இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் சமையலறையில் கூடுகிறோம். வருகிறவர்கள் கண்டெடுத்த ஒரு பாட்டையோ படத்தையோ கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. நான் புளியோதரை செய்வேன், அப்லா அடைத்த மிளகாய் கொண்டுவருவார். போன மாசியில், நாங்கள் சாமான் வாங்கும் கடைக்கார அண்ணனையும் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர். 1980களில் கிழக்கு பெர்லின் வரை விமானத்தில் வந்து, ஃப்ரீட்ரிக்ஸ்ட்ராஸெ நிலையம் வழியாக மேற்குக்குள் நுழைந்தவர்களில் ஒருவர்.

வெறுங்கையோடு வருவார் என்று நினைத்தேன். ஒரு சப்பாத்துப் பெட்டி கொண்டுவந்தார், உள்ளே கேசட்டுகள்.

"பாட்டு இல்லை தங்கச்சி," என்றார். "அம்மாவுக்கு எழுதத் தெரியாது. கசற்றிலை கதைச்சு, வாற ஆக்களிட்டைக் குடுத்து விடுவா. நானும் கதைச்சு அனுப்புவன். இது அவவின்ரை பக்கம் மட்டும்தான் இருக்கு. என்ரை பக்கம் அங்கை வீட்டோடை போச்சுது."

அப்லா தன் பழைய டேப்ரெக்கார்டரை மேசைக்கு நடுவே நகர்த்தினார். நாடா கொஞ்சம் இழுத்தது. முதலில் கோழிச் சத்தம், தூரத்தில் கோயில் மணி, யாரோ வாளியை வைக்கும் ஓசை. பிறகு ஓர் அம்மா, தொண்டையைச் செருமிக்கொண்டு, இது ஓடுதோ என்று யாரையோ கேட்டார். பேசினார். ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்கு இடம்விட்டு நிறுத்தினார். அந்த இடைவெளியில் எங்கள் சமையலறையில் யாரும் கரண்டியைக்கூட அசைக்கவில்லை.

"ஓம் அம்மா, சாப்பிட்டனான்," என்றார் அண்ணன்.