வலிப்பு மாத்திரையும் என் ஈறும்

16 வயதில் எனக்கு வலிப்பு வந்தது. அன்றிலிருந்து ஃபெனிட்டாயின் மாத்திரை. வலிப்பு நின்றுவிட்டது. ஆனால் ஒரு வருடத்துக்குள் முன்பற்களின் இடுக்கில் ஈறு மொட்டு மொட்டாகத் தடிக்க ஆரம்பித்தது. 22 வயதில் மேல்வரிசைப் பற்கள் பாதிதான் வெளியே தெரிந்தன. பல் தேய்த்தாலே ரத்தம். பயந்து மெதுவாகத் தேய்ப்பேன். அழுக்கு சேர்ந்து வீக்கம் இன்னும் கூடும். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பேன்.

"ஒழுங்கா பல்லு தேய்ச்சா இப்படி வருமா?" என்றார் முதலில் பார்த்த டாக்டர். அந்த ஒரு வார்த்தையால் இரண்டு வருடம் எந்தப் பல் டாக்டரிடமும் போகவில்லை. அப்புறம் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். ஈறு சிகிச்சைப் பிரிவில் இருந்த மேடம் வாயைப் பார்க்கும் முன்பே, "என்னென்ன மாத்திரை சாப்பிடுறம்மா?" என்று கேட்டார். சீட்டை நீட்டினேன். "இது உன் தப்பில்லம்மா" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன். இந்த மாத்திரை எடுப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஈறு வளருமாம். ரத்தக் கொதிப்புக்குத் தரும் அம்லோடிபினாலும் சிலருக்கு வரும் என்றார்.

உடனே வெட்டவில்லை. நரம்பு டாக்டர் ஃபெனிட்டாயினைப் படிப்படியாகக் குறைத்து, லெவிடிரசிட்டாம் என்ற வேறு வலிப்பு மாத்திரைக்கு மாற்றினார். தயவுசெய்து யாரும் தாமாக வலிப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் வலிப்பு அடுக்கடுக்காக வந்து உயிருக்கே ஆபத்தாகும். இரண்டு முறை கிளீனிங் செய்தார்கள். சில மாதங்களில் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. கெட்டித்துப்போன சதையைத்தான் வெட்ட வேண்டியிருந்தது.

மரத்துப்போக ஊசி போட்டார்கள். வலித்தது அது மட்டும்தான். பிறகு பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அளவுக் கம்பியை விட்டார்கள். 6, 7 மில்லிமீட்டர் உள்ளே போனது. அதே ஆழத்துக்கு ஈறின் வெளிப்பக்கத்தில் குத்திப் புள்ளி வைத்தார்கள். கைக்கண்ணாடியில் பார்த்தேன், கோலப்புள்ளி மாதிரி வரிசையாக ரத்தப் புள்ளிகள். அந்த வரிசையை ஒட்டிக் கத்தியைச் சாய்த்துப் பிடித்து வெட்டினார்கள். அப்புறம் ஓரத்தைச் சீவிச் சீவி, பல்லை நோக்கி மெலிந்து வரும்படி வடிவம் கொடுத்தார்கள். தையல் கிடையாது. இளஞ்சிவப்புப் பசையை மாவு போல உருட்டிப் புண்மேல் அப்பிவிட்டார்கள். கீழ்வரிசைக்கு மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

அன்று ராத்திரி எரிச்சல் இருந்தது, பாரசிட்டமால் போதுமானதாக இருந்தது. ஒரு வாரம் தயிர் சாதமும் ஆறிய கஞ்சியும்தான். காலையும் இரவும் 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்து கொண்டு வாய் கொப்பளித்தேன். அதில் நாக்கு ருசி கெட்டுப்போகும், பல்லில் பழுப்புக் கறை படியும். கறையை அப்புறம் கிளீனிங்கில் எடுத்துவிடலாம்.

எட்டாம் நாள் பசையை எடுத்தார்கள். ஈறு பச்சைப் புண்ணாகச் சிவந்திருந்தது. நாக்கால் தடவினால் முழுப் பல், வழவழவென்று. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சில வாரம் கூசியது.

இப்போது தினமும் இரவில் பல் இடுக்குக்கான குட்டி பிரஷ்ஷால் சுத்தம் செய்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே மேடத்திடம் போகிறேன். போன மாதம் மறுபடி அளவுக் கம்பியை விட்டுப் பார்த்தார். எல்லா இடத்திலும் 2, 3 மில்லிமீட்டர்தான்.