ஒரே விடையை ஐந்து தடவை எழுதிப் படித்தேன்

அரசியல் மெய்யியல் பரீட்சைக்கு முதல் தடவை அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் றோல்ஸின் நீதிக் கோட்பாட்டைக் கொப்பியில் இருந்தபடியே பாடமாக்கிக்கொண்டு போனேன். வினாவைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டிருந்தார்கள். கை ஓடவில்லை. மறுபடி எழுதுவதற்காகத் திருகோணமலையில் வீட்டில் இருந்த நாட்களில், கோட்பாட்டை வைத்துவிட்டு அவர் பேராசிரியராக வாழ்ந்த கதையை முதலில் படித்தேன்.

1950இல் பிரின்ஸ்டனில் கலாநிதிப் பட்டம். அப்புறம் கோர்னெல், எம்.ஐ.டி., 1962இலிருந்து ஹார்வர்ட். என்னை நிறுத்தியது வேறொன்று. ‘நியாயமே நீதி’ என்ற கருத்தை அவர் கட்டுரையாக வெளியிட்டது 1958இல். அது பெரிய நூலாக வந்தது 1971இல். இடையில் 13 வருடம் வரைவுகளை மாணவர்களிடம் கொடுத்துத் திருத்திக்கொண்டே இருந்தார். நான் ஒரு விடையை இரண்டாம் தடவை எழுதியதே இல்லை.

சரி, எழுதிப் பார்ப்போம் என்று தொடங்கினேன். கொப்பியை மூடிவிட்டு எழுதுவது, மூன்று நாள் கழித்துத் திரும்ப எழுதுவது. இரண்டாவது வரைவிலேயே ‘அறியாமைத் திரை’, அதாவது சமூகத்தில் தனக்கு எந்த இடம் கிடைக்கும் என்று தெரியாமலேயே அதன் விதிகளைத் தீர்மானிப்பது, எனக்கு விளங்கவில்லை என்பது வெளிச்சமாகிவிட்டது. அன்று பின்னேரம் கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு நான் வலைக்கும் தோணிக்கும் சொந்தக்காரரான சம்மாட்டியாகப் பிறப்பேனா, கயிறு இழுப்பவராகப் பிறப்பேனா என்று தெரியாமல் மீனுக்குப் பங்கு பிரிக்கச் சொன்னால் எப்படிப் பிரிப்பேன்? கயிறு இழுப்பவரின் பங்கைத்தான் முதலில் பார்ப்பேன். சம்மாட்டிக்குக் கூடக் கொடுப்பதால் வலையும் தோணியும் நல்லதாகி, கயிறு இழுப்பவருக்கும் கூடக் கிடைக்குமென்றால் அதற்குச் சம்மதிப்பேன். றோல்ஸ் ஏற்றுக்கொண்ட ஏற்றத்தாழ்வும் அதுதான். அதற்குப் பிறகு அந்தப் பகுதியைப் பாடமாக்கத் தேவைப்படவில்லை. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பங்குபிரிப்பு இருக்கும், தேடிப் பாருங்கள்.

விடையில் றோல்ஸுக்கு வந்த மறுப்பை ஒரு வரியில் முடிக்க வேண்டாம். ஹார்வர்டில் அவருடைய துறையிலேயே இருந்த றொபேட் நோசிக் 1974இல் எதிர்த்து எழுதினார்: நேர்மையாக வந்த சொத்தை மறுபங்கீட்டுக்காக எடுக்க அரசுக்கு உரிமை உண்டா? றோல்ஸ் யாரைப் பற்றிக் கற்பித்தாலும் அவர்களின் வாதத்தை அதன் மிகப் பலமான வடிவில் வைக்கப் பார்ப்பார். நானும் நோசிக்குக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்த பிறகே பதில் எழுதினேன். நான்காவது, ஐந்தாவது வரைவுகள் அதற்கே போயின.

பரீட்சைக்கு முதல் நாள் இரவு அந்த ஐந்தாவது வரைவை மட்டும் வாசித்துவிட்டுப் படுத்தேன்.